இடது கை தூக்கிய வகுப்பு

1

தேதி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. விழுப்புரம் சந்திப்பில் ரயில் தடம் மாறிக் காத்துக் கிடந்த நாள், திண்டிவனத்தில் ஏரி நிரம்பி மறுகால் போன நாள், என் மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. என் மனைவி சுலோசனா, "உங்களுக்கு காய்ச்சல் வந்தாகூட மொதல்ல காலண்டரத்தான் பாப்பீங்க" என்பாள்.

இந்தக் குறிப்பில் வரும் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் நான் தேதி தரப்போவதில்லை. ஊரும் சொல்லப்போவதில்லை. ஐம்பதுகளில் சில ஆண்டுகள் விழுப்புரத்திலும் பிறகு சில ஆண்டுகள் திண்டிவனத்திலும் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். இரண்டில் ஒன்றில் அது நடந்தது. ஊகிக்க முயலும் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் இருந்த இரண்டு பள்ளிகளுக்கும் ரயில் சத்தம் கேட்கும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் இரண்டு ஊர்த் தெருவிலும் போகும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லாததால் என் முதுகலைப் பட்டம் போய்விடக்கூடும். போய்விட்டதா என்பது இதை எழுதும் இன்றுவரை தெரியாது. பட்டம் இல்லையென்றால் இந்த நாட்டில் வேலையும் இல்லை. பயத்தோடுதான் எழுதுகிறேன்.

2

இந்த நாடு எத்தியோப்பியா. அடிஸ் அபாபாவிலிருந்து பேருந்தில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் ஒரு மலை ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாக இருக்கிறேன். நம் கணக்கில் இது 1966, ஆவணி. இவர்கள் கணக்கில் 1958. இவர்களுக்கு மாதம் பதின்மூன்று. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் போனபின் மிஞ்சும் சில நாட்களைத் தனியாக ஒரு குட்டி மாதமாக வைத்திருக்கிறார்கள். அந்த மாதத்தில்தான் இப்போது இருக்கிறோம். அது முடிந்தால் புத்தாண்டு. மஞ்சள் பூ மலையெல்லாம் பூக்கும்.

நேரமும் வேறு. சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நாம் காலை ஏழு என்பது இவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் எல்லோரும் குழம்பியபோது எனக்கு இது எளிதாகப் பிடிபட்டது. பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் வேறு இடங்களில் வந்தது. இவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. முதல் வருடம் பள்ளி இயக்குநரிடம், வகுப்பறைக் கூரை ஒழுகுவதைச் சொல்லப் போய் "நீ வந்து பார்" என்று சொல்லிவிட்டேன். அவர் வந்து பார்த்தார். கூரை அடுத்த மழைக்கும் ஒழுகியது.

அந்த இயக்குநர்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: இனி மேல்வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டம் உள்ள வெளிநாட்டு ஆசிரியர்களின் ஒப்பந்தம்தான் புதுப்பிக்கப்படும். எனக்கு இருந்ததோ பி.ஏ., பி.டி. ஊரில் இருந்த வேலையை, நீண்ட விடுப்புத் தர மறுத்தார்கள் என்று, விட்டுவிட்டு வந்தவன் நான். திரும்பினால் நாற்பது வயதில் மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் வெளிநாடுகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலைப் படிப்பை அஞ்சல் வழியாக நடத்துகிறது. அதில் சேர்ந்தேன். பகலில் வகுப்பு, சாயங்காலம் யூகலிப்டஸ் விறகுப் புகைக்கு நடுவே படிப்பு. நான் அனுப்பிய கட்டுரைகள் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். நம் ஊரில் பட்டதாரிகள் எல்லோரும் எழுதுகிற, இத்தனை காலம் நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியங்களின் அடியில் அந்தக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு உறையைப் பிரிக்கும்போதும் கை நடுங்கும்.

3

கடைசியாக ஓர் ஆய்வேடு தர வேண்டும். என் தலைப்பு இது: பதில் தெரிந்த பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை? இரண்டு நாடுகளில் ஒரே பாடத்தை நடத்தி, யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று பார்த்து எழுத வேண்டும். இங்கே என் வகுப்பில் பாதியை முடித்தேன். மறுபாதிக்கு ஊருக்கு வரவேண்டியிருந்தது. இங்கே பெருமழை விடுமுறை விடும் காலத்தில் நம் ஊரில் பள்ளி நடந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு ஆடி மாதம் குடும்பத்தோடு வந்தேன்.

வந்து இறங்கியதும் ஒரு பயம் எங்களுக்காகக் காத்திருந்தது. எத்தியோப்பியாவில் 'ஆமாம்' என்பதற்கு வாய் திறந்து சொல்லாமல், சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். எங்கள் மகள் கலா இங்கேயே வளர்ந்தவள். அவளுக்கு அதுதான் ஆமாம். கண்டாச்சிபுரத்தில் இருக்கும் சுலோசனாவின் அக்கா, சாப்பாடு வேண்டுமா என்று கேட்க, குழந்தை மூச்சை இழுத்தாள்.

"இன்னாடி இது, கொழந்தைக்கு இழுப்பா?"

"இல்லக்கா. ஆமான்னு சொல்றா."

"ஆமாங்கறதுக்கு எதுக்கு மூச்சு வாங்கறா? அங்க பேசறதுக்கும் ரேஷனா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுலோசனா சிரிக்கவில்லை. அன்று மாலை என்னிடம், "ஏங்க, சீக்கிரமா ஊருக்கு வந்துட்டா பரவால்லன்னு ஒரு பக்கம் தோணுது. வந்து இன்னா பண்ணுவோம்னும் பயமா இருக்குது" என்றாள். எனக்கும் அதே இரண்டு பயம்தான். பட்டம் கிடைத்தால் இங்கேயே தங்கிவிடுவோம், மகள் நம் ஊரைவிட்டு இன்னும் தூரம் போவாள். கிடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு போட வழி தேட வேண்டும்.

4

நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கே போனேன். அங்கே என் பழைய நண்பர் பாஷா ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், அவருடைய சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கடல் தாண்டி வியாபாரம் பார்க்க, இவர் ஒருவர் சாக்பீஸைப் பிடித்தார். ஏற்பாடு இதுதான்: நான் எழுதித் தந்த பாடத்தை அவர் நடத்துவார், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து எழுதுவேன். அவரிடம் பாடத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தேன்.

பாடம் தொடங்கியது. பாஷா முதல் கேள்வியைக் கேட்டார். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. ஒரு கை பாக்கியில்லை. அவர் ஒரு பையனைக் காட்டினார். பையன் முழு வாக்கியமாகப் பதில் சொல்லி உட்கார்ந்தான். அடுத்த கேள்வி. மறுபடியும் எல்லாக் கையும். முன் பெஞ்சில் கஸ்தூரி என்ற பெண் எழுந்து, மூச்சு விடாமல் பிழையின்றிச் சொன்னாள். கேள்வி போகப் போக ஒரு பதிலும் தவறவில்லை.

எனக்கு முதலில் மகிழ்ச்சி. பிறகுதான் கைகளைப் பார்த்தேன். சில வலது கை, சில இடது கை. பாஷா வலது கைகளை மட்டுமே கூப்பிட்டார்.

நம் பக்கத்தில் பள்ளி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்ஷன் நாளுக்கென்று இருந்த ஏற்பாடு அது. அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர் வலது, தெரியாதவர் இடது. நான் வேலையில் சேர்வதற்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கவனிக்க வந்தவன் அதிகாரியாகிவிட்டேன். எனக்கு வேண்டியது இந்த வகுப்பின் அன்றாட மௌனம். கிடைத்ததோ எனக்காகப் பூசி மெழுகிய ஒரு நாள். பிள்ளைகளுக்குப் பாடத்தையே முன்கூட்டி உருப்போட வைத்துவிட்டார்களா, அல்லது கை தூக்குவது மட்டும்தானா? முழுவதும் ஒத்திகை என்றால் இந்த வகுப்பு என் ஆய்வுக்கு ஆகாது. வேறு வகுப்புத் தேட விடுப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து அலுவலக அறையிலிருந்து பாஷாவைக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் நான் முன்னால் வந்து நின்று கேட்டேன்.

"இந்தப் பாடத்த முன்னாடியே நடத்தினாங்களா?"

பேச்சில்லை.

"நடத்தியிருந்தா தப்பில்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். யார் சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை அப்படியே இருந்தார்கள். கஸ்தூரியைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியாது சார்."

சற்று முன் பிழையின்றிப் பதில் சொன்ன பெண். கண்ணை என் முகத்துக்குக் கொண்டுவராமலே சொன்னாள். நான் கடைசி பெஞ்சுக்குத் திரும்பி எழுதிக்கொண்டேன்: 'நேரடிக் கேள்விக்கும் பதில் இல்லை. காரணம் அச்சம்.'

பாஷா திரும்பி வந்தார். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், எழவு வூட்டுக்கு வந்த மாரி மூஞ்ச வெச்சிக்கினு இருக்கீங்க? ஒரு புள்ளயாவது தப்பா சொல்லிச்சா?"

"அதுதான் பாஷா பயமாருக்கு."

"சரியா சொன்னா பயமா? நல்லாக்குது உங்க படிப்பு. ஒரு வாரமா தொண்ட தண்ணி வத்த சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன். சீமைல நம்ம மானம் போவக்கூடாதுன்னு பாத்தா, பேஜாரு புடிச்ச ஆளா இருக்கீங்களே."

அவர் ஒளிக்கவே இல்லை. நண்பனுக்கு நல்லது செய்தோம் என்ற நினைப்பு மட்டும்தான் அவரிடம் இருந்தது. அதற்குமேல் கோபப்பட என்ன இருக்கிறது? "யார் சொல்லிக் குடுத்ததுன்னு நான் கேட்டதுக்கு இந்தப் பிள்ளைங்க வாயே திறக்கல, இதுக்குத்தானா?" என்று கேட்டேன். வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "திருட்டுப் பசங்களா" என்றார். அதில் பெருமை இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் ஒன்று செய்தேன். கேள்வி கேட்பதை நிறுத்தினேன். "நான் இருக்கும் நாட்டைப் பற்றி நீங்கள் கேளுங்கள், ஆங்கிலத்தில், எப்படி வந்தாலும் சரி" என்றேன். முதல் நாள் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் இடது கை தூக்கிய பையன்களில் ஒருவன் எழுந்தான்.

"சார், தட் கன்ட்ரி, ரெய்ன் கம்?"

"கம்" என்றேன். சிரிப்பு வந்தது வகுப்புக்கு. அடுத்தவன் எழுந்தான்.

"சார், தேர் டீச்சர் பீட்?"

பாஷா வாசலில் நின்றுகொண்டு, "இவனுக்கு வேண்டியது அதுதான்" என்றார். அன்றிலிருந்து இடது கைகள் ஓயவில்லை. கழுதைப்புலி ஊருக்குள் வருமா, அங்கே கேப்பை உண்டா, ராஜாவைப் பார்த்தீர்களா. பதில் சொல்லப் பயப்பட்டவர்கள் கேட்கப் பயப்படவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என் ஆய்வேட்டின் உயிர் அந்தப் பக்கங்கள்தான்.

5

ஒத்திகை நடந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அதைச் சொல்லாமல் இடது கைகளின் கதையைச் சொல்ல முடியாது. புறப்படுவதற்கு முன் தலைமையாசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். என்னைப் பள்ளிக்குள் விட்டவரும் அவர்தான். கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எழுதுங்க தம்பி. உங்க பொழப்பு அது. ஊர் பேரு வேணாம், ஸ்கூல் பேரு வேணாம்."

"லண்டன் பக்கத்துல யாரோ ரெண்டு பேர் படிக்கப்போற புத்தகந்தாங்க சார்."

"லண்டன்ல அச்சாச்சின்னா கடலூரு கல்வி ஆபீசுக்கு வந்து சேர எத்தினி நாளு ஆவும்? நான் ரிடையர் ஆவப்போற நேரம். இன்ஸ்பெக்ஷனுக்கு இந்த ஸ்கூல்ல கை வெச்சி வித்த காட்றாங்கன்னு ஒரு வரி போதும், என் பென்ஷன் பேப்பர்ல ஒக்காந்துக்கும். பாஷாவுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது. பொண்ணு கட்டிக் குடுக்கணும்."

"சொல்லமாட்டேங்க."

"யாரு கேட்டாலும்?"

"யார் கேட்டாலும்."

அவர் கதவைத் திறந்துவிட்டு, சத்தமாக, "அப்ப ஜல்தி பட்டத்த வாங்கிக்கினு வாங்க தம்பி, ஸ்கூல்ல ஒரு கூட்டம் போட்டுடலாம்" என்றார். வராந்தாவில் யாரும் இல்லை.

6

ஆய்வேடு போனது. பல மாதம் கழித்து, நேர்காணலுக்குத் தேர்வாளர் அடிஸ் அபாபாவுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தில் ஐரோப்பியத் தேதி. பள்ளியில் விடுப்பு கேட்டால் உத்தரவில் இவர்கள் தேதி. குட்டி மாதத்தில் வரும் நாள் என்பதால் எழுத்தர், "அந்த மாதத்தில் யார் வேலை செய்கிறார்கள், விடுப்பு எதற்கு?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். மூன்றாம் முறை போனபோதுதான் முத்திரை விழுந்தது. பேருந்தில் போகும்போது இரண்டு கடுதாசியையும் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

தேர்வாளர் ஒரு முதிய பெண்மணி. ஜலதோஷம் பிடித்திருந்தது. கையில் பென்சில். இத்தனை காலம் என் வாக்கியங்களின் அடியில் கோடு போட்டது அந்தப் பென்சில்தானா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். முதலில் எத்தியோப்பிய வகுப்பைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிள்ளைகளின் கேள்விகள் வரும் பக்கங்களைப் பாராட்டினார். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"இந்தியப் பள்ளிக்குப் பெயர் இல்லையே."

"இருக்கிறது. தர அனுமதி இல்லை."

"அச்சில் வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். இடது கை, வலது கை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரிடமாவது விசாரிக்க வழி வேண்டாமா? பெயர் இல்லாத பள்ளியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்."

அவர் கேட்டது நியாயம். ஊரின் பெயர் என் வாயில் வந்து நின்றது. இவர் சொல்லி அது கடலூர் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் 'விசாரிக்க' என்றாரே. ஒரு கடிதம் போட்டால் போதும். அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் தலைமையாசிரியரின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உறை பிரித்துப் பிரித்து நடுங்கிய கை எனக்கும் உண்டு.

"உங்களுக்குப் பெயர் தெரியும் அல்லவா?" என்றார்.

நான் மேசையைப் பார்த்தேன்.

அவர் காத்திருந்தார். அந்த அறையில் என் பட்டம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, கலாவின் பள்ளிக்கூடம் இருந்தது. வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. மேசையில் ஒரு மைக்கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கஸ்தூரி நினைவுக்கு வந்தாள். தெரியாது சார். மேசையைப் பார்த்தபடி அவள் சொன்னது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை தலை நிமிராத அந்த வகுப்பு.

"அம்மா, நாலாம் இயலில் ஒரு பக்கம் தவறு" என்றேன்.

"எது?"

"வகுப்பு அச்சத்தால் பேசவில்லை என்று நான் முடிவு கட்டிய பக்கம்."

அவர் பக்கத்தைத் தேடி எடுத்தார். "பிறகு எதனால் பேசவில்லை?"

"இப்போது நான் எதனால் பேசாமல் இருக்கிறேனோ, அதனால்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததால் படிக்க முடியவில்லை. முடிவு அஞ்சலில் வரும் என்று சொல்லி எழுந்து கை கொடுத்தார்.

7

வீட்டுக்கு வந்ததும் சுலோசனா கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டீங்களா?"

"ஒன்னுத்துக்கு சொல்லல."

"தெரியலயா?"

"தெரியும்."

அவள் என்ன நடந்தது என்று கேட்டறிந்தாள். அடுப்பை ஊதிவிட்டு, "சொல்லியிருந்தா இன்னா? அந்தம்மா நம்மூருக்கா வரப்போவுது?" என்றாள். பிறகு பானையை இறக்கி வைத்தாள். கடைசியில், "பாஷா அண்ணன் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்காங்களாம், அக்கா எழுதியிருந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றி எங்கள் பேச்சு.

தபால் இங்கே வாரம் ஒருமுறை வரும். பேருந்து சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறேன். சமையல் சாமான்களைக் கட்டுவதா வேண்டாமா என்று சுலோசனா இன்னும் கேட்கவில்லை. பெரிய பெட்டியைத் துடைத்து வெயிலில் மட்டும் வைத்திருக்கிறாள். "ஊருக்குப் போலாமா?" என்று கலாவிடம் கேட்டேன். எப்போதும் ஆமாமுக்கு மூச்சை இழுப்பவள், என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

ஆய்வேட்டின் என் பிரதியில் அந்தப் பக்கத்தை எடுத்து 'காரணம் அச்சம்' என்ற இரண்டு சொற்களையும் அடித்தேன். பக்கத்தில் தேதி போட்டேன். நம் தேதி, இவர்கள் தேதி, இரண்டும். அச்சம் எங்கேயும் போய்விடவில்லை. அது இங்கே, தபால் பேருந்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, என்னோடுதான் இருக்கிறது. அந்த வகுப்பில் அன்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை ஒருவர்கூட இல்லை. எல்லாக் கையும் வலது கைதான். ஒருவரும் தூக்கவில்லை.